நல்ல கிருமிகளுக்கு வெள்ளி எமனா?

குழந்தைக்கு வெள்ளிப் பாலாடையில் பால் புகட்டுவது நம் வீடுகளில் வெகுகாலமாக இருந்துவரும் வழக்கம். வெள்ளிக்குக் கிருமிகளைக் கொல்லும் குணம் உண்டு என்பதை விஞ்ஞானமும் ஒப்புக்கொள்கிறது. தீப்புண்ணுக்குப் போடும் களிம்புகளில் வெள்ளி கலந்த மருந்து சேர்ந்திருப்பதும் இதனால்தான். ஆனால் இந்த நற்குணமே ஓரிடத்தில் தொல்லையாக முடியுமோ என்று, கழிவு நீரைச் சுத்தம் செய்யும் நிபுணர்கள் கவலை கொள்ள நேர்ந்தது. அந்தக் கவலை எவ்வளவு தூரம் நியாயமானது? பார்ப்போம்.

சம்பளமில்லாத ஊழியர்கள்

நகரத்துச் சாக்கடை நீரை யந்திரங்கள்தாம் சுத்தம் செய்கின்றன என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்த வேலையைச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். யந்திரங்கள் அவற்றுக்குக் காற்று வீசிக் கொடுக்கின்றன, அவ்வளவுதான்.

1914-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இரு நிபுணர்கள் ஒரு முறையை வெளியிட்டார்கள். கழிவு நீருக்குள் காற்றைச் செலுத்தினால் நுண்ணுயிர்கள் பெருகி, அழுக்கைத் தின்று, சேறாக அடியில் படிகின்றன. அந்தச் சேற்றை எறிந்துவிடாமல் அடுத்து வரும் கழிவு நீரில் சேர்த்தால், வேலை பன்மடங்கு விரைவாக நடக்கிறது. தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான்! இன்றும் உலகின் பல பெருநகரங்களில் இந்த முறையே நடைபெறுகிறது.

இந்த ஊழியர்களில் ஒரு பிரிவினர் மிக முக்கியமானவர்கள். மீன்களுக்கு நஞ்சான அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுபவர்கள் இவர்களே. இவர்கள் மற்றக் கிருமிகளைப் போல மளமளவென்று பெருகுவதில்லை. ஒரு முறை அழிந்துபோனால் மறுபடி தலையெடுக்க வெகு நாட்கள் ஆகும். அதுவரையில் அமோனியா நேரே ஆற்றுக்குப் போய்ச் சேரும்.

காலுறையிலிருந்து கால்வாய்க்கு

ஒரு மீட்டரை நூறு கோடி பாகமாக்கினால் வரும் ஒரு பாகமே நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ள வெள்ளித் துகள்களைத் துணிகளில் சேர்த்தால் வியர்வை நாற்றம் எழாது என்று கண்டு, காலுறை முதலியவற்றில் அவற்றைப் புகுத்தினார்கள். அவை துணியோடு நின்றுவிடுகின்றனவா? 2008-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலச் சர்வகலாசாலையில் இத்தகைய காலுறைகளை நீரில் அலசிப் பார்த்தார்கள். சில காலுறைகள் நாலைந்து அலசல்களிலேயே அநேகமாக எல்லா வெள்ளியையும் இழந்துவிட்டன; வேறு சில சிறிதும் விடவில்லை. தயாரிக்கும் விதத்தில்தான் வித்தியாசம்.

வெள்ளி அயனிகளை நீரில் விட்டுக் கிருமிகளைக் கொல்லும் சலவை யந்திரமும் கடைக்கு வந்தது. அதைப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப் போவதாக அமெரிக்கச் சுற்றுப்புறப் பாதுகாப்பு நிறுவனம் 2006-ல் அறிவித்தது. சலவை யந்திரத்துக்குப் பூச்சிக்கொல்லிச் சட்டமா என்று வியந்தவர்கள் உண்டு. கொல்வது எதுவானாலும் கணக்குச் சொல்லத்தான் வேண்டும் என்பதே அதன் பொருள்.

மிசௌரி தந்த எச்சரிக்கை

2008-ல் மிசௌரி சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் அமோனியாவை மாற்றும் கிருமிகளின் மேல் வெள்ளியைச் சோதித்தார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வெள்ளி அயனி அவற்றின் செயலை நூற்றுக்கு 42 பங்கு குறைத்தது. அதே எடையுள்ள நானோத் துகள்களோ 86 பங்கு குறைத்துவிட்டன! 5 நானோமீட்டருக்கும் சிறிய துகள்களே அதிகக் கொடியவை என்றும் தெரிந்தது.

கந்தகம் செய்த உபகாரம்

ஆனால் சோதனைச்சாலை நீர் வேறு, சாக்கடை நீர் வேறு. வீட்டிலுள்ள வெள்ளிப் பாத்திரம் நாளடைவில் கறுத்துப்போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். காற்றிலுள்ள கந்தகப் பொருள் வெள்ளியோடு சேர்வதால் அப்படி ஆகிறது. சாக்கடையிலோ கந்தகத்துக்குப் பஞ்சமே இல்லை.

2011-ல் ஸ்விட்ஜர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் நகரக் கழிவு நீர் ஓடும் ஒரு சிறிய மாதிரி நிலையத்தில் வெள்ளித் துகள்களைக் கலந்து பார்த்தார்கள். காற்றுச் செலுத்தாத தொட்டியில் 2 மணி நேரத்துக்குள்ளாகவே வெள்ளி, வெள்ளி சல்பைடாக மாறிவிடும் என்பதை அவர்களுடைய சோதனைகள் காட்டின. இந்தச் சல்பைடு நீரில் கரைவது மிக மிக அரிது. கரையாத வெள்ளியால் கிருமிகளுக்கு உண்டாகும் தீங்கும் குறைவு. ஆக, அன்றாடம் வரும் சிறிதளவு வெள்ளியால் ஊழியர்கள் மடிந்துவிடுவார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை.

அப்படியானால் கவலை தீர்ந்ததா? முழுவதும் தீரவில்லை. ஒரே சமயத்தில் பெருமளவு வெள்ளி வந்து விழுந்தால், கந்தகம் அதைக் கட்டுவதற்குள் கேடு நேரலாம். மேலும், வெள்ளி மறைந்துவிடவில்லை; சேற்றில் போய் ஒதுங்கியிருக்கிறது. பல நாடுகளில் அந்தச் சேறு வயலுக்கு எருவாகப் போகிறது. ஆண்டுதோறும் போட்டால் மண்ணில் வெள்ளி சேர்ந்துகொண்டே வரும். மண்ணிலும் நமக்காக உழைக்கும் கிருமிகள் உண்டல்லவா?

தீக்காயத்தால் துடிப்பவருக்கு வெள்ளி மருந்து அவசியம். அதை யாரும் மறுக்கமாட்டார்கள். காலுறை நாற்றத்துக்கோ சோப்பும் வெயிலும் போதும். வெள்ளி சேர்ந்த துணி என்றால், எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எத்தனை சலவைக்கு நிற்கும் என்பதை விற்பவர்கள் எழுதி ஒட்டட்டும். வாங்குகிறவர்களும் அதைக் கேட்டு வாங்கட்டும். இரவு பகலாக நம் அழுக்கைத் துடைக்கும் ஊழியர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.