வரின்னா எது வரி? கர்சருக்கு ஒரு கண்டனம்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. வேலை, வெயிலுன்னு சாக்கு சொல்லலாம். உண்மை என்னன்னா, கோவம். கர்சர் மேல கோவம். சிரிக்காதீங்க, முழுசா படிச்சுட்டு சிரிங்க.

எங்க அப்பிச்சி (அம்மாவோட அப்பா) கவலை ஓட்டித் தண்ணி எறைச்ச காலத்தைப் பத்திச் சொல்லச் சொல்ல, பல ஞாயித்துக்கிழமை பக்கத்துல உக்காந்து தட்டச்சு செஞ்சு வெச்சிருந்தேன். வடக்கயிறு எது, வால்கயிறு எது, பறி கெணத்துல முங்குறப்ப காளை எங்க நிக்கணும், எல்லாம் அவர் வாயால சொன்னபடியே. ஒரு நாள் சாயங்காலம் பாத்தா அதுல ஒரே ஒரு வரி தப்பு. அப்பப் பாத்து கரண்ட் போயி யூபிஎஸ் கத்திட்டு இருந்துச்சு. அவசரமா அந்த வரிக்குக் கர்சரைக் கொண்டுபோயி, 'வரியை அழி'ங்கற கட்டளையைக் குடுத்து, சேமிச்சு மூடிட்டேன்.

நான் பாத்தது ஒரு வரி. எடிட்டருக்கு அந்தப் பத்தி மொத்தமும் ஒரு வரி! ரெண்டு நாள் கழிச்சுத் திறந்து பாத்தா, பறியைப் பத்தி அவர் சொன்ன பதினாலு வரியும் காணோம். சரி, அடுத்த தடவை போறப்ப திருப்பிக் கேட்டுக்கலாம்னு ஒத்திப்போட்டேன். அடுத்த மாசம் அப்பிச்சி தவறிட்டார். ஞாபகத்துல இருந்து எழுதிப் பாத்தேன். விஷயம் வருது, அவர் பேச்சு வரலை.

"பேக்கப் எடுக்கலையா?"ன்னு கேக்க வர்றீங்க, தெரியுது. எடுக்கலைங்க. அது என் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா கண்ணுக்கு ஒரு வரியைக் காட்டிட்டு, அழிக்கச் சொன்னா பதினாலையும் அழிக்கறது யார் தப்பு? எந்த எடிட்டர்னு பேர் சொல்லப் போறதில்லை. ஏன்னா இது ஒரு எடிட்டரோட வியாதி இல்லை, பரம்பரை வியாதி.

சங்கதி இதுதான். கம்ப்யூட்டருக்கு எண்டர் தட்டுன இடத்துலதான் வரி முடியும். நமக்கு, கண்ணு எங்க திரும்புதோ அங்க முடியும். நீளமான பத்தியை எடிட்டர் ஜன்னல் அகலத்துக்குத் தக்கபடி மடிச்சுக் காட்டுது. அந்த மடிப்பு திரையில மட்டும்தான், கோப்புல கிடையாது. நிரல் எழுதறவங்களுக்கு ரெண்டும் பெரும்பாலும் ஒண்ணுதான். 1976ல பில் ஜாய் விஐ எடிட்டரை எழுதுனப்ப அவர்கிட்ட இருந்த ஏடிஎம்-3ஏ முனையத்துல ஒரு வரிக்கு 80 எழுத்து. நிரல் வரி அதுக்குள்ள அடங்கிரும். நம்ம பத்தி அடங்குமா?

அந்த விஐயோட வாரிசுதான் விம். அதுல கீழ்நோக்கி அம்புக்குறியைத் தட்டுனா, திரையில தெரியற அடுத்த வரிக்குப் போகாது, அடுத்த பத்திக்குக் குதிக்கும். தெரியற வரிக்கு எறங்கணும்னா 'ஜி'யைத் தட்டி அப்புறம் 'ஜே'யைத் தட்டணும். வெள்ளகோவில்ல ஏறி அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட் கேட்டா, நேரா காங்கேயத்துல எறக்கிவிட்டு, "நடுவுல இருக்கறதெல்லாம் ஸ்டாப்பே இல்லீங்"ன்னு கண்டக்டர் சொன்னா விட்டுருவமா?

ஈமேக்ஸ்காரங்க 2009ல, 23ஆம் பதிப்புல இதை மாத்துனாங்க. அம்புக்குறி தெரியற வரியில நடக்கறதுதான் இப்ப அங்க வழக்கம். அதுக்கு ஒரு நியாயமான எதிர்ப்பும் உண்டு. நாலு தட்டலைப் பதிவு பண்ணி மேக்ரோவா ஓட்டுறவருக்கு, ஜன்னல் அகலம் மாறுனா கர்சர் போற இடமும் மாறிரும். சரியான வாதம். அதனாலதான் பழைய நடையும் வேணுங்கறவங்களுக்கு இருக்கு. நான் கேக்கறது ஒண்ணுதான்: நிரல் கோப்புக்கு உங்க கணக்கு இருக்கட்டும், உரைநடைக்கு எங்க கண்ணோட கணக்கைப் போடுங்க.

நோட்பேட் கதை இன்னும் தமாசு. வரி மடிப்பைப் போட்டா, எத்தனாவது வரியில இருக்கோம்னு காட்டுற பட்டையே மறைஞ்சு போயிரும். விண்டோஸ் 10க்கு 2018 அக்டோபர்ல வந்த பதிப்புலதான் அதைச் சரி பண்ணினாங்க. அதுவரைக்கும் வரி எண்ணைக் கேட்டா வாயைப் பொத்திக்கிட்டு இருந்துச்சு :-)

மேல கீழ போறது இப்படின்னா, இடம் வலம் போறது நம்ம தமிழுக்குன்னே தனி ரோதனை. 'கொடுக்கிறோம்'னு ஒரு சொல்லு. ஒண்ணாவது படிக்கிற குழந்தை எண்ணுனா கொ, டு, க், கி, றோ, ம் – ஆறு எழுத்து. யூனிகோட் குறியீடா எண்ணுனா 12. யூடிஎஃப்-8ல பைட்டா எண்ணுனா 36. இப்ப உங்க கர்சர் இந்தச் சொல்லைத் தாண்ட எத்தனை தட்டு வாங்குது? ஆறுன்னா நல்ல எடிட்டர். பன்னெண்டுன்னா, 'கொ'வுக்கு நடுவுல எங்கயோ கண்ணுக்குத் தெரியாத எடத்துல கர்சர் நிக்குதுன்னு அர்த்தம். 'கொ'வுல க-வுக்கு முன்னால பாதி, பின்னால பாதி. அதுக்கு நடுவுல நிக்கறதுன்னா எங்கீங்க நிக்கறது?

டெர்மினல்ல இன்னும் மோசம். அங்க எழுத்துக்கு இத்தனை கட்டம்னு ஒதுக்கீடு. எடிட்டர் ஒரு கணக்கும் டெர்மினல் ஒரு கணக்கும் வெச்சிருந்தா, கர்சர் ஒரு பக்கம் மின்னும், நீங்க அடிச்ச எழுத்து இன்னொரு பக்கம் விழும்.

இதுக்கு ஒரு கோஷ்டி உடனே, "யூனிகோட்தான் துரோகி, தமிழுக்கு 128 இடத்தைக் குடுத்து ஏமாத்திட்டான்"னு கெளம்பும். 2010 ஜூன்ல, நம்ம கோயமுத்தூர்ல செம்மொழி மாநாடு நடந்தப்ப, தமிழக அரசு யூனிகோடோட சேத்து டேஸ்16ஐயும் தரமா அறிவிச்சது. அதுல ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம். 'கொ' பிரச்சினை அதுல வராதுதான். ஆனா என் பதினாலு வரி? டேஸ்ல எழுதியிருந்தாலும் போயிருக்கும். வரி மடிப்புக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

யூனிகோட்லயே இதுக்கு விதி எழுதி வெச்சிருக்காங்க. 29ஆம் இணைப்புன்னு பேரு. எந்தெந்தக் குறி சேந்து ஒரு எழுத்துன்னு அது சொல்லுது. அதுபடி 'கொ' ஒண்ணுதான். ('க்ஷ'வை ரெண்டா வெட்டும். அதைப் பத்தி வேற பதிவுல சண்டை போட்டுக்கலாம்.) அம்புக்குறி முழு எழுத்தாத் தாண்டணும், பேக்ஸ்பேஸ் கடைசியாப் போட்ட குறியை மட்டும் அழிக்கணும்ங்கறது என் கட்சி. 'கி'ன்னு அடிச்சுட்டு 'கீ'ன்னு திருத்த முழு எழுத்தையும் ஏன் இழக்கணும்? ஈமேக்ஸ்ல பேக்ஸ்பேஸ் குறியை மட்டும் எடுக்கும், டெலிட் முழு எழுத்தையும் எடுக்கும். விம்ல 'டெல்கம்பைன்'னு ஒரு அமைப்பு, அதைப் போட்டா குறி குறியா, போடலைன்னா முழுசா. ஆக, விதியும் இருக்கு, செய்யத் தெரிஞ்சவங்களும் இருக்காங்க.

இன்னொரு கோஷ்டி, "ஒவ்வொரு வரி முடிவுலயும் எண்டர் தட்டிப் பழகுங்க"ம்பாங்க. தட்டிப் பாருங்க. அதை ஒட்டி, மொபைல்ல திறந்தா, கட்டுரை புதுக்கவிதையா ஒடஞ்சு நிக்கும்.

மூணாவது கோஷ்டிதான் எனக்கு ரொம்ப எரிச்சல். "செட்டிங்ஸ்ல மாத்திக்கலாமே பாஸ்!" மாத்திக்கலாங்க, நானும் மாத்திட்டேன். பதினாலு வரி போனதுக்கப்புறம்! அமைப்போட பேர் தெரிஞ்சவனுக்குத்தான் அது அமைப்பு. தெரியாதவனுக்கு அது குழி. முதல் நாள் தமிழ்ல தட்டச்சு செய்ய வர்றவங்க, "எனக்குத்தான் கம்ப்யூட்டர் வரலை போல"ன்னு நெனச்சு எழுந்து போயிருவாங்க. அவங்களுக்குக் கம்ப்யூட்டர் வராமப் போகலை. கம்ப்யூட்டருக்குத்தான் அவங்க எழுத்து வரலை.

தப்பு நம்ம மேலயும் இருக்கு. அட்ஜஸ்ட் பண்ணிக்கறதுல நம்மள அடிச்சுக்க ஆளில்லை. கர்சர் தடுமாறுனா மவுசை எடுத்துச் சொடுக்கிட்டு வேலையைப் பாக்கறோம். வழு அறிக்கை எழுதறதில்லை. எழுதாத குறையை எவன் திருத்துவான்?

அதனால இன்னிக்கு அஞ்சு நிமிசம் ஒதுக்குங்க. உங்க எடிட்டர்ல 'கொடுக்கிறோம்'னு அடிச்சு எத்தனை தட்டுல தாண்டுதுன்னு எண்ணுங்க. பேக்ஸ்பேஸ் எதை எடுக்குதுன்னு பாருங்க. ஒரு நீளப் பத்தியை மடிச்சு வெச்சு, கீழ்நோக்கி அம்புக்குறி எங்க எறங்குதுன்னு பாருங்க. அப்புறம் கோப்போட நகல்ல மட்டும் 'வரியை அழி' குடுத்துப் பாருங்க. தப்பா நடந்தா, அந்த எடிட்டர்காரங்களுக்கு ரெண்டு வரி எழுதிப் போடுங்க. பின்னூட்டத்துலயும் சொல்லுங்க, பட்டியல் போடலாம்.

அப்பிச்சியோட பறி இனி மேல வராது. உங்க வீட்டுல யாராச்சும் இப்பச் சொல்லிட்டு இருப்பாங்க இல்லீங்களா, அது பத்திரமா இருக்கட்டும்.

டிஸ்கி: இந்தப் பதிவுக்கு மூணு நகல் எடுத்து வெச்சுட்டேன் :-)