யாருக்குப் பாதுகாவலர்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்திலே சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வந்திறங்கிய சீனப் பெண்ணிடம் ஆங்கிலேய அதிகாரி கேட்ட முதன்மையான கேள்வி, அவள் தன் விருப்பத்தின் பேரில் வந்தாளா என்பதே. கற்பிக்கப்பட்டிருந்த விடையை அவள் ஒப்புவித்தாள். ஏட்டிலே பதிவு விழுந்தது. சட்டம் தன் கடமையை முடித்துக்கொண்டது. இதனையே ஏகாதிபத்தியத்தின் மனிதாபிமானத்திற்குச் சான்றாகக் காட்டும் வரலாற்றாசிரியர் இன்றும் உளர்.

1877 இல் சிங்கப்பூரிலே சீனர் பாதுகாப்புப் பணிமனை நிறுவப்பட்டது. முதற் பாதுகாவலர் வில்லியம் பிக்கரிங் சீன மொழி பேச வல்லவர். 1887 இல் கோடரித் தாக்குதலுக்கும் ஆளானவர். அவருடைய நேர்மையை நாம் ஐயுற வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தை அதன் அதிகாரியின் குணத்தைக் கொண்டு அளத்தல் வரலாறாகாது. தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ் விலைமாதர் விடுதிகள் பதிவு செய்யப்பட்டன. பெண்கள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். படைவீரரதும் கடலோடிகளதும் உடல்நலமே அச்சட்டத்தின் கவலை. பின்னர் அவ்விடுதிகளைப் பதியும் பொறுப்பு வந்து சேர்ந்த இடம் எது? இதே பாதுகாப்புப் பணிமனை! பெண்ணை வாசலில் வினவிய கையே அவள் அடைபட்ட வீட்டுக்கும் இலக்கமிட்டது.

இது தற்செயலன்று. ஈயச் சுரங்கங்களுக்கும் துறைமுகங்களுக்கும் வேண்டியிருந்தவர் குடும்பமற்ற ஆண் கூலிகள். மனைவியரையும் குழந்தைகளையும் தாங்கும் கூலியைக் கொடுக்க முதலாளிகள் ஆயத்தமாயிருக்கவில்லை. அபினி வருவாயில் தங்கியிருந்த அரசுக்கு இந்த ஏற்பாடு உறுத்தவுமில்லை.

ஹொங்கொங்கின் கதை இன்னும் தெளிவானது. 1878 இல் சீன வணிகர் கடத்தலைத் தடுக்க 'போ லியுங் குக்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். அதன் இல்லம் பல சிறுமியருக்கு மெய்யான புகலிடமாயிற்று என்பதை மறுத்தல் நன்றன்று. எனினும் அதே வணிக வர்க்கம், வறியோரிடம் சிறுமியரை விலைக்கு வாங்கி வேலைக்கு வைக்கும் 'முய் சாய்' முறையைத் தருமம் என்று நியாயப்படுத்தியது. திருடினால் குற்றம், தகப்பன் கையால் விற்றால் வழக்கம்! பிரதம நீதியரசர் ஜோன் ஸ்மேல் 1879 இல் நீதிமன்றிலிருந்தே இதனை அடிமைத்தனம் என்று கண்டித்தார். அரசோ, இது சீனர் மரபென விளக்கிய ஐட்டல் போன்றோரின் சொல்லுக்கே செவிசாய்த்தது.

மரபு என்ற வாதத்தைச் சீனரே பின்னர் உடைத்தனர். 1921 இல் ஹொங்கொங்கில் முய் சாய் எதிர்ப்புச் சங்கம் தோன்றியது; தொழிற்சங்கத்தாரும் அதிலே சேர்ந்தனர். இங்கிலாந்தில் ஹேசல்வூட் தம்பதியர் குரலெழுப்பினர். 1922 இல் குடியேற்ற நாட்டமைச்சர் சேர்ச்சில் ஒழிப்பை வாக்களித்தார். 1923 இல் சட்டம் வந்தது. ஆனால் சிறுமியரைப் பதிவு செய்யும் பகுதியை நடைமுறைப்படுத்த அரசுக்கு 1929 வரை மனம் வரவில்லை. பதிவு வந்தவுடன் எசமானர் செய்தது எளிய காரியம்: வேலைக்காரியை 'வளர்ப்பு மகள்' என்றழைத்தனர்.

1936 இல் அனுப்பப்பட்ட ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர், நம் நாட்டில் நிதிச் செயலாளராயிருந்த சேர் வில்ஃபிரிட் வூட்ஸ். அவரும் இன்னொருவரும் நடைமுறையிலிருந்த வழியையே பெரும்பாலும் ஏற்றனர். மூன்றாமவரான ஈடித் பிக்டன்-டேர்பர்வில் அம்மையார் மட்டும் 1937 இல் வெளிவந்த அறிக்கையிலே தனித்து எழுதினார்: பெயர் எதுவாயினும், பெற்றோரை விட்டுக் கைமாறிய சிறுமியர் அனைவரையும் பாதுகாத்தல் வேண்டும் என்று. பெயரைப் பதியும் அரசுக்கும் பிள்ளையைக் காணும் கண்ணுக்குமிடையேயுள்ள தூரம் இது. 1938 இல் ஹொங்கொங் வளர்ப்பு மகளிரையும் பதிவுக்குட்படுத்தியது. ஸ்மேலின் கண்டனத்திலிருந்து அதற்குப் பிடித்தவை ஐம்பத்தொன்பது ஆண்டுகள். 1941 டிசெம்பரில் யப்பானியப் படை அத்தீவினுள் நுழைந்தது.