12 வோல்ட் என்றால் எத்தனை வோல்ட்?

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது ஒரு ரோபோ போட்டிக்குச் சென்றிருந்தோம். விதிமுறைத் தாளில் பேட்டரி பற்றி ஒரே வரிதான்: 12 வோல்ட்டுக்கு மேல் கூடாது. எங்களுடையது 11.1 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரி. கவலையே படவில்லை. காலையில் சோதனை மேஜையில் மல்டிமீட்டர் வைத்தார்கள், 12.6 காட்டியது. அனுமதி இல்லை என்றுவிட்டார்கள். பக்கத்து அணியிடமும் அதே பேட்டரிதான். இரவெல்லாம் ஓட்டிப் பார்த்ததில் சார்ஜ் இறங்கி 11.9 காட்டியது. உள்ளே போய்விட்டார்கள்!

தவறு யாருடையது? விதியை எழுதியவருடையது என்பதே என் கருத்து. பேட்டரியின் மேல் அச்சிடப்படுவது பெயரளவு வோல்ட்டேஜ் மட்டுமே. இத்தகைய லித்தியம் செல் ஒன்றின் பெயரளவு 3.7 வோல்ட், முழு சார்ஜில் 4.2. மூன்று செல்களைத் தொடராக இணைத்தால் 11.1 என்று எழுதியிருக்கும், 12.6 இருக்கும். (பழைய லேப்டாப் பேட்டரிகள் பலவற்றிலும் இந்த 11.1-ஐப் பார்க்கலாம்.) சாதாரண 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி கூட முழு சார்ஜில் 12.6-ஐத் தாண்டும். அப்படியானால் எழுத்துப்படி பார்த்தால் முழுதாக சார்ஜ் ஆன எந்த 12 வோல்ட் பேட்டரியும் அந்தப் போட்டியில் தேறாது.

அமெரிக்காவில் 1992 முதல் நடந்துவரும் ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியில் இந்தக் குழப்பம் கிடையாது. பெயரளவு 12 வோல்ட், சிந்தாத சீல்டு லெட் ஆசிட் வகை, 17 முதல் 18.2 ஆம்பியர் ஹவர் வரை என்று விதியே சொல்லிவிடுகிறது. சந்தேகம் கேட்டால் வரும் பதிலை எல்லா அணிகளும் பார்க்கலாம். விதிப் புத்தகம் தடிமன்தான். அதனால் என்ன?

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வோல்ட்டேஜை மட்டும் கட்டுப்படுத்தினால் ஆபத்து குறைந்துவிடாது. 2200 மில்லி ஆம்பியர் ஹவர், 25சி என்று குறித்த சிறிய லித்தியம் பாலிமர் பேட்டரி 55 ஆம்பியர் வரை தரக்கூடியது. வயர்கள் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆனால் அதைவிடவும் அதிகம் பாயும், தீப்பிடிக்கலாம். எங்கள் விதித் தாளில் ஃபியூஸ் என்ற சொல்லே இல்லை. எந்த வகை செல், முழு சார்ஜில் எத்தனை வோல்ட் வரை, எத்தனை ஆம்பியர் ஃபியூஸ், எங்கே வைத்து சார்ஜ் செய்வது என நான்கைந்து வரிகள் கூடுதலாக எழுதினால் போதுமே.

உங்கள் வீட்டுப் பிள்ளை ரோபோ செய்கிறானா, செய்கிறாளா? பேட்டரி வாங்குவதற்கு முன்பே அமைப்பாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். பதிலை பிரிண்ட் எடுத்து ரோபோ பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். லித்தியம் பாலிமர் பேட்டரியை இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்க மட்டும் விடாதீர்கள்.