பழைய ஜீப்பும் சுண்டைக்காய்க் கணக்கும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கம் ஒரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் போதும். கோரிமேடு வழியாக ஏற்காடு போகிற வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். பைக், கார், வேன் எல்லாம் போகும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நடுவில் ஒரு பழைய மஹிந்திரா ஜீப், மேல் படுதா இல்லாமல், டபடபவென்று சத்தம் போட்டுக்கொண்டு போனால்... டீக்கடையில் நிற்கிற அத்தனை தலையும் ஒரே சமயத்தில் திரும்பும். அங்கே நிற்கிற கல்லூரிப் பையன்கள் மனசில் அந்த நிமிஷமே விதை விழுந்துவிடும்.

அடுத்து நடப்பது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். புது தார் ரோட்டுக்கு வர பத்து லட்சத்துக்கு மேல் ஆகும். "அதில் கால்வாசிக்குப் பழைய ஜீப் கிடைக்குதே மச்சி, வாங்கி நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்" என்று ஒருவன் ஆரம்பிப்பான். பெரிய டயர், முன்னால் பைப் பம்பர், தலைக்கு மேல் ஒரு வரிசை லைட்டு, மினுமினுப்பே இல்லாத கறுப்பு பெயிண்ட். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வண்டி பட்டறை ஓரத்தில் செங்கல் மேல் நிற்கும். பணம் தீர்ந்திருக்கும். அப்பாவோடு பேச்சுவார்த்தையும் நின்றிருக்கும்!

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். கையில் இருக்கிற கொஞ்சப் பணத்தில் பழைய ஜீப்பை எடுத்துக் கட்டுகிறவர்கள், அதை வேறொரு வண்டியாக மாற்றப் பார்க்கக் கூடாது. கம்பெனியை விட்டு வெளியே வந்த நாளில் அது எப்படி இருந்ததோ, அந்த நிலைக்குத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும். செலவுக்கும் அதுதான் நல்லது, சட்டத்துக்கும் அதுதான் நல்லது, மலையிலிருந்து இறங்கும்போது உயிருக்கும் அதுதான் நல்லது.

ஒரே அச்சு, பல பெயர்

மஹிந்திரா கம்பெனி 1947-ல் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை உதிரியாகக் கொண்டுவந்து இங்கே பூட்ட ஆரம்பித்தது. இரண்டாம் உலகப் போரில் பெயரெடுத்த வண்டி அது. பின்னால் வந்த சிஜே-3பி மாடலை அமெரிக்காவில் 1968-லேயே நிறுத்திவிட்டார்கள். மஹிந்திராவோ அதே அச்சை வைத்துக்கொண்டு இன்னும் பல வருடம் ஓட்டியது. பெட்ரோல் இன்ஜின் போய் டீசல் வந்தது. 1980-களில் எம்எம் 540 வந்தது. அதில் இருந்தது பிரெஞ்சு கம்பெனியான பெஜோவின் 2112 சிசி டீசல் இன்ஜின். பிறகு 2523 சிசி டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின் வந்தது. கமாண்டர், மேஜர் எல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

பெயர் மாறியதே தவிர அடிப்படை பெரிதாக மாறவில்லை. ஏணி மாதிரி ஒரு சேஸிஸ், அதன் கீழே பட்டை ஸ்பிரிங், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் கழற்றிப் பூட்டலாம்.

இந்த இடத்தில் சேலம், நாமக்கல் பக்கத்து ஆட்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. லாரி பாடி கட்டுவதில் நாமக்கல்லுக்கு இந்தியா முழுக்கப் பெயர். போர்வெல் ரிக் வண்டி என்றால் திருச்செங்கோடு. இந்த இரண்டு தொழிலையும் சுற்றி லேத், வெல்டிங், டிங்கரிங், ரேடியேட்டர், பட்டை ஸ்பிரிங், டைனமோ என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆட்கள் உண்டு. பெரிய ஊரில் "புதுசு மாத்திடலாம்" என்று சொல்கிற பாகத்தை இங்கே கழற்றிச் சரி செய்து கொடுப்பார்கள். குறைந்த செலவில் ஜீப் கட்ட இதைவிட நல்ல இடம் தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

ஒரு பொறியும் இருக்கிறது. ஜீப் மாதிரி இருப்பதெல்லாம் ஃபோர் வீல் டிரைவ் இல்லை. கமாண்டரும் மேஜரும் நிறைய டூ வீல் டிரைவாகவே விற்றன. விற்கிறவர் சொல்வதைக் கேட்பதைவிடக் குனிந்து பார்ப்பது மேல். முன் ஆக்சிலில் உருண்டையாக டிஃப்ரன்ஷியல் ஹவுசிங் இருந்தால்தான் ஃபோர் வீல். அது இருந்தாலும் உள்ளே பல் சக்கரம் முழுசாக இருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

முதல் செலவு பேப்பருக்கு

வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் ஆர்சி புத்தகத்தைப் பார்க்க வேண்டும். இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டும் புத்தகத்தில் இருக்கிறபடியே வண்டியிலும் இருக்க வேண்டும். சேஸிஸ் நம்பர் இருக்கிற இடத்தில் வெல்டிங் தடம் தெரிந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவதே லாபம். வேறு இன்ஜின் ஏற்றியிருந்தால் அதற்கு ஆர்டிஓ அனுமதி வாங்கிப் புத்தகத்தில் ஏற்றியிருக்க வேண்டும். வெளிமாநில வண்டி என்றால் என்ஓசி வேண்டும், இங்கே வரியும் கட்ட வேண்டும்.

15 வருடம் ஆன சொந்த வண்டிக்கு எஃப்சி காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதன்பிறகு 5 வருடத்துக்கு ஒரு தடவை. 2022 ஏப்ரல் வரை காருக்கும் ஜீப்புக்கும் இதற்குக் கட்டணம் 600 ரூபாய்தான். அன்றைக்கு அது 5000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருடத்தைத் தாண்டிய வண்டிகளுக்கு 10,000 ஆக்கினார்கள். இன்று சந்தையில் கிடைக்கிற எம்எம் 540 எல்லாமே அந்த 20-ஐத் தாண்டியவைதான். ஆக, பட்ஜெட் நோட்டில் முதல் வரி டயர் கிடையாது, இந்தக் கட்டணம்தான்.

ஏறுவது சுலபம், இறங்குவதுதான் கஷ்டம்

அஸ்தம்பட்டிப் பையன் ஜீப் கட்டினால் அது ஒரு நாள் ஏற்காடு போகத்தான் போகிறது. 20 கொண்டை ஊசி வளைவு. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1200 மீட்டர். எல்லாரும் "வண்டி ஏறுமா?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி "வண்டி இறங்குமா?"

பிளஸ் டூவில் பிசிக்ஸ் படிக்காத காமர்ஸ் ஆட்களுக்கும் புரிகிற கணக்கு இது. ஆட்களோடு சேர்த்து 1500 கிலோ எடையுள்ள ஜீப் 1200 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது வெளியாகிற சக்தி முழுக்க வெப்பமானால், அதை வைத்துச் சுமார் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம்! கிட்டத்தட்ட நாலு குடம். அந்தச் சூட்டில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். இரண்டாவது கியரில் இறங்கினால் பெரும் பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். டாப் கியரில், அல்லது நியூட்ரலில், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் கிட்டத்தட்ட அத்தனையும் நாலு பிரேக் டிரம்முக்குள் போகும். லைனிங் சூடேறிப் பிடிப்பை இழக்கும். வருடக்கணக்கில் மாற்றாத பிரேக் ஆயிலில் ஈரம் ஏறியிருக்கும், அது கொதித்தால் பெடல் தரையோடு போய்விடும்.

2024 ஏப்ரல் கடைசியில் ஏற்காட்டிலிருந்து இறங்கிய ஒரு தனியார் பஸ் இந்தப் பாதையில் கவிழ்ந்து பல உயிர்கள் போனதைச் சேலத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மலை யாருக்கும் சலுகை தருவதில்லை.

இன்னொரு விஷயம். பழைய ஜீப்பின் ஃபோர் வீல் அமைப்பில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சுற்றும். சேறு, மணல், கரடு என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வளைவு எடுக்கும்போது வழுக்க முடியாமல் பல் சக்கரமும் ஜாயிண்டும் முறுக்கிக்கொள்ளும். ஏற்காடு ரோடு நல்ல தார் ரோடு. அங்கே ஃபோர் வீலுக்கு வேலையே இல்லை, பிரேக்குக்குத்தான் வேலை!

பெரிய டயர் மோகம்

பழைய ஜீப்பின் 6.00-16 டயர் சுமார் 28 இன்ச் உயரம். அதைக் கழற்றிவிட்டு 31 இன்ச் டயர் போட்டால் என்ன ஆகும்? வண்டி கம்பீரமாகத் தெரியும், உண்மைதான். கூடவே சுமார் பத்து சதவீதம் கியர் மாறிப் போனதுபோல் ஆகிவிடும். ஏற்றத்தில் இழுவை குறையும். இறக்கத்தில் இன்ஜின் பிடித்து நிறுத்துகிற பலமும் குறையும். அதே டிரம் பிரேக் பத்து சதவீதம் அதிகம் உழைக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது வண்டி 55-ல் போய்க்கொண்டிருக்கும். அகல டயர் ஸ்டீரிங்கைக் கனமாக்கும், கிங்பின் பேரிங் தேய்ந்த வண்டியில் முன் சக்கரம் ஆட்டம் போட ஆரம்பிக்கும். டயர் உரசுகிறது என்று பட்டை சேர்த்து வண்டியைத் தூக்குவார்கள். தூக்கினால் வளைவில் சாயும். ஒரு செலவு அடுத்த செலவைக் கூப்பிட்டு உட்கார வைக்கும்.

அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கிடம் போனாலும் அவர் சொல்லப் போவது ஒன்றுதான். "தம்பி, மொதல்ல நிக்குற வழியப் பாருங்க, அப்புறம் ஓடுற வழியப் பாத்துக்கலாம்." பையன்கள் காதில்தான் அது ஏறுவதில்லை.

தேனி மாவட்டத்துப் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். போடி, கம்பம் பக்கமிருந்து இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் ஜீப்புகள் மலை ஏறி இறங்குகின்றன. அளவுக்கு மீறி ஆட்களை அடைப்பது தப்பு, அது தனிப் பிரச்சினை. ஆனால் பிழைப்புக்கு மலை ஏறுகிறவர்கள் டயருக்கும் லைட்டுக்கும் ஆடம்பரச் செலவு செய்வதில்லை. பார்வைக்காக ஏறுகிறவர்கள்தான் செய்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்சி-யில் இருப்பதற்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதையே உறுதி செய்தது. அதே வருடம் சட்டத்தில் செய்த திருத்தத்தில், அனுமதி இல்லாமல் செய்கிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். முன்னால் மாட்டுகிற கம்பி பம்பர் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. ஒரு ஜீப்பில் ஐந்து மாற்றம் என்றால் அபராதம் எவ்வளவு என்று காமர்ஸ் மாணவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை :-)

அப்படியானால் எதற்குச் செலவு செய்வது?

வாங்குகிற விலைக்கு மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. மீதியை இந்த வரிசையில் செலவழிக்கலாம்.

1. பேப்பர், எஃப்சி, இன்சூரன்ஸ்.
2. பிரேக். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ், லைனிங், லேத்தில் டிரம் கடைசல், புது ஆயில்.
3. ஸ்டீரிங், கிங்பின், வீல் பேரிங், பட்டை ஸ்பிரிங்கின் புஷ்.
4. ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹோஸ். சேலத்து வெயிலில் இது இரண்டாவது உயிர்.
5. வயரிங், கம்பெனி அளவிலேயே புது டயர், சீட் பெல்ட்.
6. மிச்சம் இருந்தால் டிங்கரிங், பெயிண்ட்.

இந்த ஆறில் முதல் நாலும் வெளியில் தெரியாதவை. போட்டோ எடுத்தால் வராது. அதனால்தான் யாரும் செய்வதில்லை.

"அப்போ ஆசைக்கு ஒண்ணுமே செய்யக் கூடாதா?" என்று கேட்பது நியாயம்தான். தனியார் நிலத்தில் சேற்றுப் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்குப் பெரிய டயரும் உயரமும் உண்மையிலேயே தேவை. அவர்களில் பலர் வண்டியை இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோகிறார்கள். அது பணக்கார விளையாட்டு. ஒரே வண்டியில் கல்லூரிக்கும் போய், அம்மாவைக் கடைக்கும் கூட்டிப் போய், ஞாயிற்றுக்கிழமை மலையும் ஏற வேண்டும் என்கிறவனுக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது.

கடைசியாகக் காமர்ஸ் பாடத்திலிருந்து ஒன்று. போட்ட பணம் போனதுதான், அதை மனசில் வைத்து அடுத்த முடிவை எடுக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அதற்கு சங்க் காஸ்ட் என்று பெயர். "இவ்வளவு போட்டாச்சு, இன்னும் கொஞ்சம் போட்டுடலாம்" என்ற ஒரு வாக்கியம்தான் பாதி ஜீப்புகளைச் செங்கல் மேல் நிறுத்தியிருக்கிறது. இன்னொரு பக்கம், பழைய ஜீப்புக்கு விழ வேண்டிய விலை எப்போதோ விழுந்துவிட்டது. ஒரிஜினலாக, பேப்பர் சுத்தமாக இருக்கிற ஜீப்பை விற்க நினைத்தால் வாங்க ஆள் வரும். அடுத்தவன் ரசனைக்கு வெட்டி ஒட்டிய ஜீப்பை எடுக்க வருகிறவன், மாற்றினதைத் திரும்ப மாற்ற ஆகிற செலவைக் கழித்துக்கொண்டுதான் விலை பேசுவான்.

ஜீப் வாங்கப் போகிறவர்கள் முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கட்டும். ஒவ்வொரு நட்டு போல்ட்டுக்கும் வரவு செலவு எழுதட்டும். பிரேக் பக்கம் நிரம்புவதற்கு முன்னால் பெயிண்ட் பக்கத்தைத் திறக்காமல் இருந்தால், அந்த ஜீப் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அஸ்தம்பட்டியைத் தாண்டிப் போகும். சாயங்காலம் பத்திரமாகத் திரும்பியும் வரும்.