எந்த லைன் போடலாம்?



ஜூன் பிறந்து பள்ளிக்கூடம் திறந்துவிட்டால், நம் பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் இந்தக் கேள்வி தவறாமல் இருக்கும்: “வீட்டுக்கு நெட் போடப் போகிறோம், எந்தக் கம்பெனி நல்லது?” கேட்பவர்களில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்கள் உண்டு. வெளிநாட்டுப் பேரப்பிள்ளையை வீடியோவில் பார்க்கக் காத்திருக்கும் தாத்தா பாட்டிகளும் உண்டு. ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அது நேர்மையான பதிலாக இருக்காது. ஒரே கம்பெனியின் லைன் ஒரு தெருவில் வருடம் முழுக்கச் சிக்கலில்லாமல் ஓடும். நாலு தெரு தள்ளி அடிக்கடி அறுந்து கிடக்கும். அந்த லைன் உங்கள் வாசலுக்கு எப்படி வந்து சேர்கிறது, அறுந்தால் யார் வந்து சரிசெய்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் மின்னும் வேகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, தொலைபேசி லைனில் டயல் செய்துதான் உள்ளே போக வேண்டும். இணையத்தில் இருக்கும்வரை வீட்டில் யாரும் போன் பேச முடியாது. 2004-இல் மத்திய அரசின் கொள்கை 256 கேபிபிஎஸ் வந்தாலே அதை பிராட்பேண்ட் என்றது. 2013-இல் அது 512 ஆனது. 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ் ஆனது. இன்று கடையில் கிடைக்கும் சாதாரண ஃபைபர் பிளானே இதைப்போல் பல மடங்கு. முழு எச்டி படம் ஒன்றுக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்று நெட்ஃப்ளிக்ஸே சொல்கிறது. நாலு பேர் உள்ள வீட்டில் ஒருவர் டிவி பார்க்க, ஒருவர் ஆன்லைன் வகுப்பில் இருக்க, இன்னொருவர் அலுவலக மீட்டிங்கில் இருந்தாலும் 50 எம்பிபிஎஸ் தாராளம். 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாதாமாதம் கூடுதலாகக் கட்டும் பணம் பெரும்பாலான வீடுகளில் வீண்தான். இன்னொன்று: விளம்பரத்தில் இருப்பது பிட் கணக்கு, கம்ப்யூட்டர் காட்டுவது பைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். அதனால் 100 எம்பிபிஎஸ் லைனில் ஒரு ஃபைல் நொடிக்கு 12.5 எம்பி என்ற கணக்கில் இறங்கினால் லைன் சரியாகவே இருக்கிறது, ஏமாற்று எதுவும் இல்லை.

இனி, வாசலுக்கு வரும் வழி. பழைய தாமிரக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட வேகம் தேய்ந்துகொண்டே போகும். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டில் 20 எம்பிபிஎஸ் வரை பார்க்கலாம், ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் தேறுவது சொற்பம். கண்ணாடி இழையில் அந்தத் தொல்லை இல்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒற்றை இழையை வழியில் ஸ்ப்ளிட்டர் என்ற சிறு பெட்டி பிரித்து 32 அல்லது 64 வீடுகளுக்குக் கொடுக்கிறது. நம் ஊரில் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் அத்தனை வீட்டுக்கும் பொதுவாக வருவது ஏறக்குறைய 2.5 ஜிபிபிஎஸ். 32 வீட்டாரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுத்தால்கூட ஒரு வீட்டுக்கு 75 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறையாது. அந்த ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம் என்பதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். தெருவில் கரன்ட் போனாலும், அந்தப் பக்கம் எக்ஸ்சேஞ்சும் இந்தப் பக்கம் உங்கள் மோடமும் உயிரோடு இருந்தால் லைன் ஓடும். சில இடங்களில் ‘ஃபைபர்’ என்று சொல்லிவிட்டு, மொட்டை மாடியிலோ கம்பத்திலோ ஒரு சுவிட்ச் வைத்து, அங்கிருந்து சாதாரண லான் கேபிள் இழுத்துக் கொடுப்பார்கள். அந்த சுவிட்சுக்குக் கரன்ட் வேண்டும். “வீட்டுக்குள் வருவது ஃபைபரா, லான் கேபிளா?” என்று பதிவு செய்யும் முன்பே கேட்டுவிடுங்கள். ஃபைபர் எட்டாத இடங்களில் 5ஜி கோபுரத்திலிருந்து காற்று வழியாக வரும் ஏர்ஃபைபர் 2023-லிருந்து கிடைக்கிறது. வேறு வழியில்லாத இடத்துக்கு அது நல்ல உதவி. ஃபைபர் வரும் தெருவில் அதை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

வெயில் மழையில் கம்பத்துக்குக் கம்பம், மரத்துக்கு மரம் தொங்கிக்கொண்டு வரும் அந்தக் கடைசி நூறு அடியைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் உள்ளூர் கேபிள்காரர்தான். கம்பெனியின் பெயர் எதுவானாலும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஏணியோடு வரப்போவது அவர். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, அவற்றோடு போன கேபிள்களைத் தெருத்தெருவாக நின்று இழுத்துக் கட்டியவர்கள் அவர்கள்தான். ஆகவே அக்கம்பக்கத்தில் நாலு வீட்டில் விசாரியுங்கள். “ஸ்பீடு எவ்வளவு?” என்று கேட்காதீர்கள். “போன மழைக்கு லைன் அறுந்ததா? எத்தனை நாளில் சரிசெய்தார்கள்? போன் போட்டால் எடுக்கிறாரா?” என்று கேளுங்கள். எந்த விளம்பரத்திலும் கிடைக்காத விவரம் அதில் கிடைத்துவிடும். கிராமத்து வாசகர்களுக்கு: தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் பாரத்நெட் பணியை டான்ஃபிநெட் நிறுவனம் செய்துவருகிறது. உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் அங்கே வந்துவிட்டதா என்று தெரியும்.

லைன் இழுக்க ஆள் வரும் நாளில் வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். ஜன்னல் ஓரமாகக் கேபிள் நுழையும் மூலையிலேயே மோடத்தை ஆணியடித்து மாட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். பிறகு உள் அறையில் சிக்னல் இல்லை என்று கம்பெனியைத் திட்டுவோம். நம் கான்கிரீட் சுவர்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தாக்குப்பிடிக்காது, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் வேகம் குறைவு. இன்னும் பத்து மீட்டர் கேபிளுக்குக் காசு கொடுத்தாவது மோடத்தை வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். அசையாத டிவிக்கும் மேஜைக் கம்ப்யூட்டருக்கும் லான் கேபிள் போட்டுவிடுங்கள். லைன் இழுக்க வந்தவரிடம், இழையில் ஒளியின் பவர் எவ்வளவு வருகிறது என்று மீட்டரில் டிபிஎம் கணக்கில் காட்டச் சொல்லலாம். மைனஸ் 15-க்கும் 25-க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தொட்டால் எங்கோ கேபிள் மடங்கியிருக்கிறது அல்லது இணைப்பு சரியில்லை, அன்றைக்கே பார்க்கச் சொல்ல வேண்டும்.

காசு விஷயம். விளம்பர விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்பார்கள். முதல் மழைக்காலம் தாண்டும்வரை மாதக் கணக்கிலேயே இருங்கள். ‘அன்லிமிடெட்’ என்றாலும் பல பிளான்களில் மாதம் 3,300 ஜிபி என்ற எல்லை இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம்: ஒரு டிவியில் இரவு பகலாக மாதம் முழுக்க எச்டி படம் ஓடினாலும் அந்த எல்லையை எட்டாது. புகார் செய்யும்போது டாக்கெட் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். அந்த எண் இருந்தால்தான் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை.

முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக மின்சாரம் வந்தது. ஊரே இருட்டில் இருந்தாலும் டயல் டோன் கேட்கும். ஃபைபரில் வரும் லேண்ட்லைன் அப்படியில்லை. மோடம் அணைந்தால் போனும் அணைந்துவிடும். இரவில் நெஞ்சு வலித்தால் கூப்பிட அந்த போனைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்றால், 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை வாங்கி மோடத்துக்குக் கொடுத்துவிடுங்கள். சில மணி நேரம் தாங்கும். வாங்கி மாட்டியதும் மெயின் சுவிட்சை அணைத்து, போன் வேலை செய்கிறதா என்று ஒருமுறை பேசிப் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்