53 யாருக்கும் கடன்படவில்லை

"இத்தனை நாளாக விழவில்லை, இனி விழுந்தே தீர வேண்டும்." தாயம் விழாமல் தவிப்பவரும் சொல்வார், லாட்டரிச் சீட்டு வாங்குகிறவரும் சொல்வார். இந்த நம்பிக்கையின் விலை என்னவென்று இத்தாலியைப் பார்த்தால் தெரியும்.

அங்கே லாட்டரியில் நகரத்துக்கு ஒரு சக்கரம். ஒவ்வொன்றிலும் 1 முதல் 90 வரையுள்ள எண்களில் ஐந்தை எடுப்பார்கள். வெனிஸ் சக்கரத்தில் 2003 மே மாதத்துக்குப் பிறகு 182 குலுக்கல்களில் 53 விழவே இல்லை. 2005 பிப்ரவரி 9 அன்றுதான் விழுந்தது. அதற்குள் அந்த ஓர் எண்ணின்மேல் மக்கள் கட்டிய பணம் 300 கோடி யூரோவைத் தாண்டியதாக அன்றைய செய்திகள் கூறின. சேமிப்பைத் தொலைத்தவர்கள் பலர். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு.

சராசரி தன்னைச் சரிசெய்துகொள்ளும், அதனால் 53 வரும் என்றார்கள். சராசரி அப்படி வேலை செய்வதில்லை. 90-இல் ஐந்து என்றால் ஒரு குலுக்கலில் 53 விழ 18-இல் ஒரு வாய்ப்பு. 182 குலுக்கல்களில் சுமார் 10 முறை வந்திருக்க வேண்டும், ஒருமுறையும் வரவில்லை. இந்தப் பத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. இன்னும் 18,000 குலுக்கல் நடந்தால் 53 ஏறத்தாழ 1,000 முறை வரும். அந்தக் கூட்டத்தில் பழைய பத்து கரைந்துபோகும், அவ்வளவுதான். பந்துக்கு நேற்று நடந்தது தெரியாது.

182 முறை வராமல் இருப்பது இயற்கைக்கே மாறானது என்பது அடுத்த வாதம். ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கு அது நடக்கும் வாய்ப்பு சுமார் 33,000-இல் ஒன்று, அபூர்வம்தான். ஆனால் பத்து நகரச் சக்கரங்களில் தொண்ணூறு எண்கள் வீதம் 900 இருக்கின்றன. இப்படியே பல பத்தாண்டுகள் குலுக்கினால் எங்கேயாவது ஓர் எண் இப்படி ஒளிந்துகொள்வதில் வியப்பில்லை. ஒளிந்த பிறகு அதை மட்டும் பார்த்து வியக்கிறோம்.

என்னை அதிகம் வருத்துவது மூன்றாவது வாதம்: "என்றைக்காவது வரும் அல்லவா? வரும்வரை தொகையை ஏற்றிக்கொண்டே போனால் போட்டது கிடைத்துவிடும்." கணக்குப் போட்டுப் பார்ப்போம். 18-இல் ஒரு வாய்ப்புக்கு நியாயமாக 18 மடங்கு தர வேண்டும். கிடைப்பதோ சுமார் 11 மடங்கு. முதலில் 1 யூரோ கட்டி, ஒவ்வொரு குலுக்கலுக்கும் 10 சதவீதம் ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எண் எப்போது விழுந்தாலும் மிஞ்சும் லாபம் 10 யூரோதான். முதல் முறையே விழுந்தாலும் 10, நூறாவது முறை விழுந்தாலும் 10. நூறாவது குலுக்கலுக்குள் நீங்கள் கட்டியிருப்பது 1,37,000 யூரோவுக்கு மேல். 53-க்காகக் காத்திருந்தவர்கள் அதற்குப் பிறகும் எண்பதுக்கு மேற்பட்ட குலுக்கல்களைக் கடக்க வேண்டியிருந்தது.