முதலில் நினைவகத்தைச் சோதியுங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தபின் எஸ்.எஸ்.டி. பொருத்தி விண்டோஸ் 11 நிறுவினேன். இரண்டே நாளில் நீலத்திரை. "இரண்டு வட்டுகளையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள்" என்றார்கள் நண்பர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

பழைய வட்டில் திஸ்கியில் தட்டெழுதிய கட்டுரைகள் கிடந்தன (யுனிகோடுக்கு மாற்றாதது என் சோம்பல்). அழிப்பதிருக்கட்டும், நகலெடுக்கவே அஞ்சினேன். பிழையான ரேம் வழியே நகரும் கோப்பும் பிழைபடக்கூடும். புதிய வட்டைப் பொருத்தப் பெட்டியைத் திறந்த கை ரேமையும் அசைத்திருக்கலாம் என்பதை மென்பொருளையே சந்தேகிப்பவர்கள் யோசிப்பதில்லை. மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவிலிருந்து இரவு முழுக்க ஓடவிட்டேன். திரையெங்கும் பிழைகள். ரேமைக் கழற்றி, முனைகளைத் துடைத்து, அழுத்திச் செருகி, மீண்டும் சோதித்தேன். ஒரு பிழையும் இல்லை. கட்டுரைகளை அதன்பிறகே நகலெடுத்தேன்.